கரடியனாற்று முற்றத்தில் ஒரு கிளச் தட்டு

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பினால் கறுப்புப் பாலம் வரும். அது ஒரு காலத்தில் எல்லையாக இருந்தது. பாலத்துக்கு இப்பால் இராணுவம், அப்பால் விடுதலைப் புலிகள். இன்று அந்தப் பாலத்தைக் கடக்கும் வாகனங்களை யாரும் மறிப்பதில்லை. அண்மையில் என்னுடைய பழைய மாருதி 800 காரில் அதைக் கடந்து, கரடியனாற்றில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊர் எல்லையை அண்மித்தபோது என்ஜின் இரைந்தது, கார் நகரவில்லை. எரிந்த நாற்றம் உள்ளே வந்தது. கிளச் வழுக்கத் தொடங்கிவிட்டது. குற்றம் காருடையதன்று, பெடலில் எப்போதும் காலை வைத்தபடி ஓட்டும் என்னுடைய பழக்கத்தினுடையது.

காரைத் தள்ளிக்கொண்டுபோய் மாமரத்தடியில் விட்டோம். மட்டக்களப்பிலிருந்து யாரையாவது அழைக்கலாமா என்று கேட்டேன். மைத்துனர் சிரித்தார்.

"டவுனுக்கு இழுத்துட்டுப் போற காசில புதுப் பிளேட்டே வாங்கிரலாம் அத்தான். இங்கயே கழட்டுவம்."

அவர் மெக்கானிக் அல்லர், வயல் செய்பவர். ஆனால் அந்த வேலையை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு எப்படி இந்த முற்றத்துக்கு வந்து சேர்ந்தது என்பதை அன்றிரவு யோசித்தபோது, அது ஒரு தனிமனிதரின் கெட்டித்தனம் மட்டுமல்ல, இந்த நாட்டின் அறுபது ஆண்டு வரலாறு என்பது புலப்பட்டது.

கிளச் என்பது எளிமையான பொருள். சுழலும் என்ஜினுக்கும் சக்கரங்களை ஓட்டும் கியர்பொக்ஸுக்கும் நடுவே நிற்கும் ஒரு வட்டத் தட்டு. அதன் இரு முகங்களிலும் உராய்வுப் படை, அதாவது லைனிங், ஒட்டப்பட்டோ தறையப்பட்டோ இருக்கும். ஸ்பிரிங் அமுக்கும்போது தட்டு பிடிக்கும். பெடலை மிதித்தால் விடும். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் அது சிறிது தேய்கிறது. தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பாகம் அது.

ஆரம்பகாலக் கார்களில் இந்த உராய்வு முகம் தோலால் ஆனது. கூம்பு வடிவ இரும்பின்மேல் தோலைப் போர்த்தி, அது காய்ந்து போகாமல் எண்ணெய் தடவி வைப்பார்கள். அதற்கு மாற்றுத் தேடியவர்களுள் முக்கியமானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹேர்பர்ட் ஃபுரூட். 1897 இல் தொழிலைத் தொடங்கிய அவருக்கு வழிகாட்டியவர்கள் வண்டிக்காரர்கள். மலைச்சரிவில் இறங்கும்போது அவர்கள் பழைய சப்பாத்தைத் தடைக்கட்டையில் பொருத்தி வண்டியை நிறுத்துவதை அவர் கண்டார். அதிலிருந்து பிறந்ததே ஃபெரோடோ லைனிங். உலகமெங்கும் பரவிய ஒரு தொழிலின் தொடக்கத்தில் ஓர் ஏழை வண்டிக்காரனின் கைவைத்தியம் இருந்தது என்பது எனக்கு ஆறுதலான செய்தி.

ஃபுரூட்டின் வழியில் வந்த லைனிங்குகளில் பின்னர் அஸ்பெஸ்டஸ் நார் சேர்க்கப்பட்டது. வெப்பத்தைத் தாங்கியது, பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் அதையே பயன்படுத்தியது. அதன் விலையைப் பிறகு சொல்கிறேன்.

இலங்கைக்கு வருவோம். 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொறிஸ் மைனர் கார் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் கார்கள் வெளிவந்தன. அவற்றில் கணிசமானவை இந்தத் தீவுக்கு வந்தன. ஆசிரியர்கள், வைத்தியர்கள், கந்தோர் உத்தியோகத்தர்கள், வாடகைக்கு ஓடியோர் என எல்லோரும் அதை வாங்கினர். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி இறுக்கப்பட்டது, உதிரிப்பாகங்களும் அரிதாயின. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை நாட்டிலிருந்த கார்களே நாட்டின் கார்கள். அவை சாகக்கூடாது என்பது குடும்பங்களின் தேவையானது.

என் மாமனார், அதாவது இந்த மைத்துனரின் தகப்பனார், அந்தக் காலத்தில் ஒரு மொறிஸ் மைனரை வாடகைக்கு ஓட்டினார். அந்தக் காரில் ஒரு வசதி உண்டு. ஆசனங்களை எடுத்துவிட்டு, தரையிலுள்ள கியர்பொக்ஸ் மூடியைக் கழற்றிவிட்டால், என்ஜினைத் தூக்காமலே கியர்பொக்ஸை இறக்கிவிடலாம். ஆகவே கப்பியும் சங்கிலியும் இல்லாத வீட்டிலும் கிளச் மாற்ற முடிந்தது. புதிய தட்டுக் கிடைக்காதபோது பழைய தட்டின் ஆணிகளைத் துளைத்தெடுத்து, லைனிங்கை மட்டும் வாங்கி, செப்பு ஆணிகளால் தாமே தறைவாராம். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்வரும் எவரிடமும் அவர் சொல்லியனுப்புவது லைனிங்கும் ஆணியுந்தான். இவ்வாறு தீவெங்கும் வளர்ந்த கைத்திறன் வீண்போகவில்லை. 1990களில், பிரித்தானியாவின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயரின் முயற்சியோடு, இக்காரின் உடற்பாகங்கள் இலங்கையிலேயே உருவாக்கப்பட்டு அங்கு ஏற்றுமதியாயின. கார் பிறந்த நாட்டுக்கே நாம் பாகம் அனுப்பினோம்.

அதே 1990களில் வடக்கில் வேறொரு கதவு மூடப்பட்டது. பொருளாதாரத் தடையால் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் யாழ்ப்பாணத்துக்குப் போகவில்லை. அங்கு ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை கார்புரேட்டருக்குள் விட்டு உயிர்ப்பிப்பார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்படிப்பட்ட ஒரு வாடகைக் காரில் நானும் பயணித்திருக்கிறேன். இழுவை குறைந்த என்ஜினை நின்றுவிடாமல் காக்கச் சாரதி பாதிக் கிளச்சிலேயே காரை நகர்த்தினார். எரிபொருள் தடையின் சுமையில் ஒரு பங்கு அந்தத் தட்டின்மேல் விழுந்ததை அன்று நான் உணரவில்லை. 2002 இல் தடை தளர்ந்தது.

படுவான்கரைக்கு 2007 இல் வேறு விதமான முடிவு வந்தது. அவ்வாண்டு மார்ச்சில் சண்டை நெருங்க, மக்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தனர். மொறிஸ் ஓடும் நிலையில் இருக்கவில்லை. மாமனார் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியது உடுப்பு மூட்டையையும் ஆயுதப் பெட்டியையுந்தான். சுத்தியல், திறப்புகள், தறையும் இரும்பு என்பன அடங்கிய பெட்டி அது. "ஆயுதம்" என்ற சொல்லைச் சோதனைச் சாவடியில் சொல்லிவிடவேண்டாம் என்று மாமியார் எச்சரித்தாராம். திரும்பி வந்தபோது காரின் கூடு மட்டும் நின்றது.

நாங்கள் கிளச் மாற்றியபோது திறந்தது அந்தப் பெட்டியைத்தான்.

மாருதி 800 வேறு வகைக் கார். 1983 டிசம்பரில் இந்தியாவில் முதற்கார் கையளிக்கப்பட்டது; 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. முன்சக்கர இழுவை, குறுக்காக வைத்த 796 சீசீ என்ஜின். பற்றறியைக் கழற்றி, காரை ஜக்கில் உயர்த்தி, மரக்குற்றிகளின்மேல் இருத்தினோம். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக்கூடாது என்பதில் மைத்துனர் பிடிவாதமாக இருந்தார். கியர் எண்ணெயை வடித்து, இரு பக்க அச்சுத் தண்டுகளையும் கிளச் கேபிளையும் எடுத்து, என்ஜினுக்கு முட்டுக்கொடுத்து, கியர்பொக்ஸை இருவராக இறக்கினோம். அமுக்குத் தட்டின் போல்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தியபோது பழைய தட்டு கையில் வந்தது. ஆணித் தலைகள் வரை தேய்ந்திருந்தது. புதிய தட்டை நடுவில் நிறுத்தும் கருவி எங்களிடம் இல்லை. ஒரு வேப்பங்குச்சியைச் சீவி, சீலை சுற்றிச் செருகி அவர் நடுமையம் பிடித்தார். அது தகப்பன் காட்டிய வித்தை.

தூசியை ஊதித் தள்ளப் போனேன். அவர் தடுத்து, ஈரச்சீலையால் துடைத்தார். மாமனார் காலத்தில் அந்தத் தூசியை வாயால் ஊதினார்கள். அஸ்பெஸ்டஸ் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்தும் கொல்லும் என்பது இன்று ஐயமற்ற உண்மை. மாமனாரின் கடைசிக்கால இருமலுக்கு அதுவே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பஞ்சகாலத்துக் கைத்திறனைப் புகழும்போது அதைக் கைக்கொண்டவர்கள் எதைச் சுவாசித்தார்கள் என்பதையும் எழுதவேண்டும். பஞ்சம் மனிதரைக் கெட்டிக்காரராக்கியது. ஆனால் அதற்குரிய கூலியையும் வாங்கிக்கொண்டது.

இது முடிந்துபோன கதையுமல்ல. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்க வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறியது. மூலையில் கிடந்தவை வீதிக்கு வந்தன. 1960களில் நடந்த அதே நாடகம், அதே காரணம். வங்கியில் டொலர் குறையும்போதெல்லாம் கிராமத்து முற்றத்தில் யாரோ ஒருவர் காருக்கடியில் படுக்கவேண்டியிருக்கிறது.

இரண்டாம் நாள் மாலை கார் நகர்ந்தது. பெடலின் மேற்பகுதியில் சிறிது தளர்வு வைத்துக் கேபிளைச் சரிசெய்துவிட்டு, "இனியாவது காலை எடுத்துட்டு ஓட்டுங்க அத்தான்" என்றார். அவருடைய மகன் முழு நேரமும் பக்கத்தில் நின்று, திறப்புகளை எடுத்துக் கொடுத்தபடி, எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்தான். படத்தைவிட, கடைசிப் போல்டை அவனைக்கொண்டே இறுக்குவித்ததுதான் எனக்குப் பிடித்திருந்தது.

பழைய தட்டை எறியவேண்டாம் என்று சொல்லி, பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தேன்.