சோளக்குழியின் வாய்

ரயில் கவுந்த வருஷம் என்றுதான் அப்பாயி அந்தக் கதையைத் தொடங்கும். 1956 நவம்பர் 23 விடியற்காலையில், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த அடைமழையில்தான் கல்லங்குறிச்சியில் தானியம் சேமிக்கும் எங்கள் வீட்டுச் சோளக்குழிக்குள்ளும் தண்ணீர் இறங்கியது.

காவிரிக்கரைக்காரர்கள் நெல்லைத் தரைக்கு மேலேதான் வைத்தார்கள். பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது, 3,000 கலம் கொள்ளும். அங்கே தோண்டினால் தண்ணீர். மானாவாரிச் சீமையில் மண்ணே பத்தாயம். சேலம், கோயம்புத்தூர்ப் பக்கமும் சோளத்தைக் குழியில்தான் போட்டார்கள்.

எங்கள் ஊரில் எல்லா மண்ணும் குழிக்கு ஆகாது. கரிசல் கோடையில் வெடிக்கும், மழையில் ஊறி உப்பும். சுக்கான் இறுகிய மேட்டைப் பார்த்து வெட்ட வேண்டும். ஆள் இறங்குமளவு வாய், உள்ளே போகப் போகப் பானை வயிறு. வெட்டியதும் உள்ளே வைக்கோலைக் கொளுத்திச் சுவரைச் சுடுவார்கள். பிறகு சாணமும் மண்ணும் குழைத்த பூச்சு. அது காய்ந்தபின் அடியிலும் ஓரத்திலும் வரகு வைக்கோலைத் திணிப்பார்கள். சோளத்தை நான்கைந்து வெயில் காயவைத்து, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்க்கும் அப்பாயி. ‘டக்’கென்று உடைந்தால்தான் குழிக்குப் போகும். நசுங்கினால் மறுபடி களத்துக்கு. தானியத்தில் ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்குள் இருக்கவேண்டும் என்று இன்று கருவி வைத்து அளப்பதை, அப்பாயி பல்லால் அளந்தது.

வாயைக் கல்லால் மூடி, மேலே மண்ணைக் குவித்து மெழுகிவிட்டால் உள்ளே சோளம் மூச்சு விட்டு விட்டே இருக்கிற காற்றைத் தீர்த்துவிடும். கரியமிலவாயு நிறைந்து வண்டு சாகும். மனிதனும் சாவான். அதனால் குழியைத் திறந்ததும் யாரையும் இறங்க விடமாட்டார்கள். ஒருநாள் ஆறப்போட்டு, கயிற்றில் அரிக்கேன் விளக்கை விட்டுப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

ரயில் கவுந்த அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் அவசரத்துக்கு ஒரு மூட்டை எடுத்தார்கள். திரும்ப மெழுகிய பூச்சு காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தை பிறந்து திறந்தபோது முக்கல் நாற்றம் தெருமுனைவரை வந்ததாம். மேலே ஒரு முழத்துக்குச் சோளம் கட்டிகட்டியாகச் சேர்ந்து, உடைத்தால் பச்சையாகப் பொடி பறந்தது. கையை விட்டால் உள்ளே சூடு. சுவரோரத்தில் வைக்கோல் கறுத்துக் கிடந்தது. நடுவயிற்றில் இருந்தது மட்டும் தப்பியது. குழியின் சுவர் கைவிடவில்லை, வாய்தான் கைவிட்டது.

பூசணம் பிடித்ததைக் கழுவிக் காயவைத்து மாட்டுக்கு வைக்கலாம் என்றார் தாத்தா. அப்பாயி விடவில்லை, எல்லாவற்றையும் எருக்குழியில் கொட்டச் சொன்னது. மூன்று வருஷம் கழித்து, 1960இல், இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் கக்கிய நஞ்சுதான் காரணம். அஃப்ளடாக்சின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கழுவினாலும் வேகவைத்தாலும் அது போகாது. கடலை விளையும் எங்கள் ஊருக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. பெயர் தெரியாமலே அப்பாயி செய்தது சரி என்று நான் இன்றும் பெருமையோடு சொல்வேன்.

1965இல் இந்திய உணவுக் கழகம் வந்தது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். ரேஷன் அரிசி உலையேறியது, சோளம் குறைந்தது. எங்கள் ஊர்க் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்கு மட்டும் விளைந்த தானியத்தைக் காணிக்கையாகக் கொண்டுபோவது நிற்கவில்லை. எங்கள் குழியை அப்பா மண் போட்டு மூடினார். பின்னாளில் வீட்டை இழுத்துக் கட்டியபோது அது கூடத்துக்கு அடியில் போய்விட்டது.

மேலே சிமெண்டுத் தரை, அதன்மேல் டைல்ஸ். ஆனாலும் ஐப்பசி மழை நாலுநாள் விடாமல் பெய்தால் அந்த இடம் மட்டும் வட்டமாக ஓதம் காக்கிறது. மக்காச்சோள மூட்டை வந்து இறங்கும்போது, அந்த வட்டத்தை விட்டுத் தள்ளி, கட்டை போட்டு அடுக்கச் சொல்கிறேன்.