வெள்ளத்தில் மூழ்கிய கிட்டாரும் கொழும்பின் ஒரு காலமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

2016 மே மாத வெள்ளத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி பக்கமெல்லாம் வள்ளத்தில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு திரிந்த நாட்கள். தண்ணீர் வடிந்த பிறகு ஒழுங்கைகளின் இரண்டு பக்கமும் மெத்தை, அலுமாரி, பிள்ளைகளின் பாடப்புத்தகம் என்று குவிந்து கிடந்தன. எங்கள் ஒழுங்கையில் அப்படிக் கிடந்த ஒரு குவியலுக்குள்தான் அந்த மின்சார கிட்டாரைக் கண்டேன். கம்பிகள் துருப்பிடித்து, உடல் முழுக்கச் சேறு. ஒட்டுப்பலகை தட்டுத் தட்டாகப் பிரிந்து போயிருந்தது.

அது பக்கத்து வீட்டு மலே அங்கிளுடையது. "விடுங்க மகன், அதுட காலம் முடிஞ்சு" என்றார். சொல்லிவிட்டு அதைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். பார்க்காமல் போனதால்தான் நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நான் செய்த முதல் வேலையே பெரிய பிழை. கழுவிவிட்டு மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். இரண்டு நாளில் கழுத்துப் பகுதி வில் மாதிரி வளைந்துவிட்டது. வெள்ளம் செய்யாததை நான் செய்துவிட்டேன்.

பிறகுதான் வாசித்து அறிந்தேன். 2010 மே மாதம் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கம்பர்லண்ட் ஆறு பெருகி, இசைக்கலைஞர்கள் தங்கள் கருவிகளை வைத்திருந்த ஒரு பெரிய களஞ்சியசாலை மூழ்கியது. பெறுமதியான பழைய கிட்டார்கள் ஏராளம் அதில் அகப்பட்டன. அங்கே திருத்துபவர்கள் முதலில் கற்றுக்கொண்ட பாடம் அவசரப்படக் கூடாது என்பதுதான். ஊறிய மரத்தை நிழலில், மெல்ல மெல்லத்தான் உலர வைக்க வேண்டும். வெளிப்பக்கம் சட்டென்று காய்ந்து உட்பக்கம் ஈரமாக இருந்தால் மரம் வளையும், வெடிக்கும்.

அந்த கிட்டார் ஜப்பானில் செய்த டெய்ஸ்கோ. 1946இல் டோக்கியோவில் தொடங்கிய கம்பனி. 1967இல் கவாய் கம்பனி அதை வாங்கியது. அமெரிக்க கிட்டார் வாங்க வசதியில்லாத பிள்ளைகளின் கைக்கு உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தவை இப்படியான ஜப்பான் கிட்டார்கள்தான்.

மின்சார கிட்டாரின் வரலாறே ஒரு திருத்துக்கடை வரலாறு. 1930களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் போஷாம்ப் என்பவர் காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கிட்டார் கம்பிக்குப் பக்கத்தில் வைத்து, அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றிக் காட்டினார். 1831இல் பரடே கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல், நம் பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் படிப்பது. 1950களில் டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்களைச் செய்த லியோ பெண்டர் அடிப்படையில் ரேடியோ திருத்துபவர். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது! ஆனால் பழுதாகும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியும். கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் ஆணி முறுக்கிப் பூட்டினார். கழற்றலாம், மாற்றலாம். டெய்ஸ்கோவும் அதே முறைதான். அங்கிளின் கிட்டார் பிழைத்ததற்கு ஒரு காரணம் அது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்த நாட்டின் இசையில் நம் சமூகத்தவருக்கும் பங்கு உண்டு. 1947இல் வந்த 'அசோகமாலா' சிங்களப் படத்துக்கு இசையமைத்தவர் முஹம்மத் கவுஸ் மாஸ்டர். சேலத்தில் பிறந்து இங்கே வந்த மொஹிதீன் பெய்க்கின் குரல் சிங்கள வீடுகளில் இன்றும் ஒலிக்கிறது. 1960களில் மின்சார கிட்டாரின் அலை வந்தது. ஜெட்லைனர்ஸ் போன்ற குழுக்கள் கொழும்பில் ஆங்கிலப் பாட்டு வாசித்தன. 1966இல் கிளரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் குழு வானொலியில் ஏறியது. சிங்களப் பாட்டில் மின்சார கிட்டாரை முன்னுக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். தமிழில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். பிறகு ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைக் கடல் கடந்தும் கொண்டுபோனார். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மருதானை எங்கும் பொப் இசை, பைலா என்று கல்யாண வீடுகள் ஆடிய காலம்.

அங்கிள் அந்தக் காலத்துப் பொடியன். கல்யாண வீடுகளில் வாசித்த ஒரு சின்னக் குழுவில் இருந்தவர். பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது நமக்குத் தெரியும். பாணுக்குக் கியூவில் நின்ற கதையை உம்மாமார் சொல்வார்கள். கிட்டார் கம்பிக்கு எங்கே போவது? சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்து, அந்த இழையைக் கட்டி வாசித்ததாக அங்கிள் சொன்னார். ஒரு கம்பி அறுந்தால் முடிச்சுப் போட்டு மறுபடி கட்டுவார்களாம்.

திருத்தம் எட்டு மாதம் எடுத்தது. துருப்பிடித்த ஆணிகள் அசையவில்லை. ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கி ஆணியின் தலையில் வைத்து, இளகிய பிறகு மெல்லத் திருப்பினோம். பிரிந்த ஒட்டுப்பலகைக்குள் ஊசியால் பசை செலுத்தி இறுக்கிக் கட்டி வைத்தவர் மொரட்டுவையில் வேலை பழகிய ஒரு தச்சர். நான் வளைத்த கழுத்தை நேரான சட்டத்தோடு கட்டி, இளஞ்சூடு காட்டி, வாரக்கணக்கில் விட்டு நிமிர்த்தியவரும் அவர்தான்.

கடினமானது சத்தத்தைப் பிடிக்கும் அந்தச் சுருள்கள். மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒன்று 5000 ஓம் அளவில் காட்டியது. அது உயிரோடு இருக்கிறது. மற்றது எதுவுமே காட்டவில்லை. உள்ளே கம்பி அரித்து அறுந்திருந்தது. தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. பஞ்சிகாவத்தையில் மின்விசிறி மோட்டருக்குக் கம்பி சுற்றும் ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். பார்த்துச் சிரித்தார். "சேர், இது மூச்சு விட்டாலே அறுந்துடும்" என்றார். மூன்று தடவை அறுந்தது. நாலாவது தடவை சரி வந்தது. காசு வாங்கவில்லை. "வாப்பாவும் அந்தக் காலத்துல ரேடியோ திருத்தினவர்" என்று மட்டும் சொன்னார்.

புதிதாக வர்ணம் பூசலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். உடலின் கீழ்ப்பகுதியில் வெள்ளம் நின்ற கறைக்கோடு இன்னும் இருக்கிறது. நான் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறவன். அந்தக் கோடும் ஒரு சான்றுதான்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது அங்கிள் கனநேரம் பேசவில்லை. விரல்கள் இப்போது மடங்குவதில்லை. பெருவிரலால் ஆறு கம்பியையும் ஒரு தடவை வருடினார். பிறகு அந்தக் குழுவில் இருந்த நால்வரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்று பேர் மௌத். அவருடைய பேரப்பிள்ளைகள் அந்தப் பெயர்களை அன்றுதான் முதல் முறை கேட்டார்கள்.

இசை கூடுமா கூடாதா என்ற தர்க்கத்தை இதன் கீழே தொடங்க வேண்டாம். அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது வேறு. வெள்ளத்துக்குப் பிறகு நாம் வீசியதெல்லாம் மீதொட்டமுல்ல பக்கம்தான் போனது. அந்தக் குப்பை மலை 2017 ஏப்ரல் 14ஆம் திகதி சரிந்து 30க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. எதை வீசுகிறோம் என்று ஒரு தடவை பார்த்து வீசியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் நனைந்த பழைய கருவி, ரேடியோ, படம், கடிதம் ஏதாவது இருந்தால் வெயிலில் வைக்காதீர்கள். சேற்றை நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவி, நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். கிட்டார் என்றால் கம்பிகளைத் தளர்த்தி விடுங்கள். மின்சாரப் பொருளை ஆள் பார்க்காமல் பிளக்கில் போட வேண்டாம்.

முக்கியமாக, அந்தப் பொருளின் சொந்தக்காரர் உயிரோடு இருக்கும்போதே அதன் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். எழுத நேரமில்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள். பாடசாலை விட்டதும் வந்து எழுதிக்கொள்கிறேன், இன்ஷா அல்லாஹ்.