கண்டிக்கு ஏறிய இருப்புப்பாதை

19ஆம் நூற்றாண்டின் நடுவிலே கண்டி மலைநாட்டிற் கோப்பி செழித்தது. ஆயினும் மூட்டைகள் மாட்டுவண்டிகளிலேயே கொழும்புத் துறைமுகத்தை அடைய வேண்டியிருந்தன. மழைக்காலத்தில் வண்டிகள் வழியிலேயே சேற்றிற் புதைந்து கிடந்தன. புகையிரதம் வேண்டுமென்று தோட்டத்துரைமார் ஓயாது கேட்டனர். 1845இல் இலங்கை இருப்புப்பாதைக் கம்பனி தோன்றிற்று. எனினும், தேசாதிபதி சேர் ஹென்றி உவாட் முதல் மண்ணை வெட்டியது 1858இலேதான்.

அதற்கு முந்திய ஆண்டிலே கப்டன் மூர்சம் என்னும் பொறியியலாளர் ஆறு வழிகளை ஆராய்ந்து ஒன்றைத் தெரிந்தார். அதன் நீளம் ஏறத்தாழ 79 மைல். 60 அடிக்கு ஓரடிக்கு மேற்படாத மெல்லிய ஏற்றம். செலவு சுமார் 8½ இலட்சம் பவுண். கேட்டோர் செவிக்கு இக்கணக்கு இனித்தது. பின்னர் டொயின் என்னும் பொறியியலாளர் மீண்டும் கணக்கிட்டபோது தொகை 22 இலட்சத்தைத் தாண்டியது!

கம்பனியின் முதலுக்கு வட்டி கிடைக்குமென அரசாங்கம் உத்தரவாதம் அளித்திருந்தது. செலவு பெருகினாற் பங்காளருக்கு என்ன கவலை? சுமை குடிகளின் தலையிலன்றோ விழும்! சிக்கனத்தை நாடுவதற்குக் காரணமே இல்லாத ஏற்பாடு அது. 1861இல் அரசாங்கம் கம்பனியை விலக்கி, வேலையைத் தானே பொறுப்பேற்றது.

பின்னர் ஃபாவியெல் என்பவருக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. ஐந்தரை அடி அகலப்பாதை மாற்றப்படவில்லை. ஆனால் மூர்சம் விரும்பிய மெல்லிய ஏற்றம் கைவிடப்பட்டது. கடுகண்ணாவை மலையிலே பாதை 45 அடிக்கு ஓரடி வீதம் ஏறிற்று. ஏற்றம் கடிதானால், அதே உயரத்தைக் குறுகிய பாதையால் எட்டலாம்; வெட்டவேண்டிய மலையும் குறையும். ஆனால் அன்று மிஞ்சிய பணத்துக்கு வட்டிபோல, பாரமான வண்டித்தொடர்களைத் தள்ளுவதற்கு இறம்புக்கணையில் மேலதிக எஞ்சின்களை வைத்திருக்க நேர்ந்தது.

காடு வெட்டிப் பாறை பிளந்த தொழிலாளர் பலரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் அவர்களுள் இருந்தனர். எந்த மதிப்பீட்டிலும் இடம்பெறாத செலவு அது.

1865இல் அம்பேபுசை வரையும், 1867இல் கண்டி வரையும் புகையிரதம் ஓடிற்று. கம்பனி தோன்றி 22 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அடுத்த ஈராண்டுக்குள், 1869இல், கோப்பி இலைகளிலே துருநோய் காணப்பட்டது. பாதை எப்பயிருக்காக அமைக்கப்பட்டதோ அப்பயிர் படிப்படியாக அழிந்தொழிந்தது. நல்லகாலமாக, பாதை கண்டியை அடைந்த அதே 1867இலே, லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் தெயிலர் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தார். கோப்பி மூட்டைகளுக்கென அமைந்த வண்டிகளிலே பின்னர் மலையிறங்கி வந்தவை தேயிலைப் பெட்டிகளே.