ஓட்டுநர் இறங்காமலே தண்டவாளம் திரும்பிய கதை

டிராம் ஓட்டுநரின் கையில் ஸ்டியரிங் கிடையாது. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், பிரேக் போடலாம், மணி அடிக்கலாம். ஆனால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிப்பது தண்டவாளம்தான். அப்படியென்றால், ஒரு நாற்சந்தியில் முன்னால் வரும் டிராம் நேராகவும், அதன் பின்னாலேயே வரும் இன்னொரு டிராம் வலப்பக்கமாகவும் எப்படிப் பிரிந்து போகின்றன?

சாதாரண ரயிலில் இந்தக் கேள்விக்கு விடை எளிது. ரயில் ஓட்டுநர் பாதையைத் தேர்ந்தெடுப்பதில்லை. கேபினில் இருப்பவர் பாயிண்டை மாற்றி, சிக்னலைக் கொடுக்கிறார். பாயிண்ட் சரியாக விழாவிட்டால் சிக்னல் இறங்காதபடி இரண்டையும் ஒன்றோடொன்று பிணைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி 1856லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் டிராம் ஓடுவது தெருவில். மாட்டு வண்டியும் மனிதர்களும் நடமாடும் அதே தெருவில், ஓட்டுநர் தன் கண்ணை நம்பி ஓட்டும் வண்டி அது. சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராமும் இந்த வகைதான். ஒவ்வொரு தெருமுனையிலும் கேபின் கட்டி ஆள் வைக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. எனவே பாதையைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஓட்டுநர் தலையிலேயே விழுந்தது.

இரும்புக் கம்பியின் காலம்

பாதை பிரியும் இடத்தில், நாக்கு போன்ற ஒரு கூரான இரும்புத் துண்டு இருக்கும். அது ஒரு பக்கம் சாய்ந்தால் சக்கரம் நேராகப் போகும், மறுபக்கம் சாய்ந்தால் கிளைப்பாதையில் திரும்பும். ரயில் பாதையில் இரண்டு தண்டவாளத்திலும் இப்படி நகரும் துண்டு உண்டு. வட அமெரிக்க டிராம் பாதைகளில் பெரும்பாலும் ஒரு தண்டவாளத்தில் மட்டுமே நாக்கு நகரும், எதிர்ப்பக்கம் இருப்பது அசையாத வார்ப்பு இரும்பு. செலவும் குறைவு, சேறு புகுந்து கெட்டுப்போகும் பாகங்களும் குறைவு.

குதிரை டிராம் காலத்திலிருந்தே இந்த நாக்கைத் தள்ள ஓட்டுநரிடம் ஓர் இரும்புக் கம்பி இருந்தது. வண்டியை நிறுத்தி, கம்பியை நாக்கின் இடுக்கில் விட்டு நெம்பித் தள்ள வேண்டும். கூட்டமான சந்திப்புகளில் இதற்கென்றே ஓர் ஆளைக் கம்பெனி நிறுத்தி வைக்கும். வெயிலோ மழையோ பனியோ, வண்டிகளுக்கு நடுவே தெருவில் நின்று நாள் முழுக்க நாக்கைத் தள்ளுவது அவர் வேலை.

குதிரை வண்டியின் வேகத்துக்கு இது போதுமானதாக இருந்தது. மின்சாரம் வந்ததும் கணக்கு மாறியது.

ரிச்மண்டுக்குப் பிறகு

1888 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் சுமார் 19 கி.மீ. பாதையில் மின்சார டிராமை ஓட்டிக் காட்டினார். மேலே ஒரு கம்பி, அதன் அடிப்பக்கத்தைத் தொட்டபடி உருளும் ஒரு சிறு சக்கரம், அந்தச் சக்கரத்தைத் தாங்கி வண்டியின் கூரையிலிருந்து நீளும் ஒரு கழி. இந்த அமைப்புக்குத்தான் டிராலி என்று பெயர். கம்பியிலிருந்து வரும் மின்சாரம் மோட்டாரைச் சுழற்றிவிட்டு, தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போகும். இதற்கு முன்பும் மின்சார டிராம்கள் ஓடியதுண்டு. ஆனால் ஒரு நகரம் முழுவதற்கும் நம்பி ஓட்டலாம் என்று காட்டியது ரிச்மண்ட்தான். அடுத்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 70,000 கி.மீ. மின்சாரப் பாதை உருவாகிவிட்டது.

பாதை பெருகியதும் சந்திப்புகளும் பெருகின. வேகமும் கூடியது, வண்டிகளுக்கு இடையிலான நேரமும் சுருங்கியது. ஒவ்வொரு வண்டியும் நின்று, ஓட்டுநர் இறங்கி, கம்பியால் தள்ளி, மீண்டும் ஏறினால் பின்னால் வரும் வரிசை என்ன ஆவது? ஆள் வைத்தாலோ, ஒரு சந்திப்புக்கு ஒருவர் போதாது. அதிகாலை முதல் நள்ளிரவு வரை, வாரத்தின் ஏழு நாளும் ஆள் வேண்டும்.

அப்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது. தலைக்கு மேலேயே மின்சாரம் ஓடுகிறது. அதையே கொண்டு இந்த நாக்கைத் தள்ளினால் என்ன?

கூடுதல் பொத்தான் இல்லாத கருவி

தள்ளுவது சுலபம். ஒரு கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது நடுவிலுள்ள இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும். அப்படி இரண்டு சுருள்களை ஓர் இரும்புப் பெட்டியில் வைத்து, தெருவுக்கு அடியில் பாயிண்ட் அருகே புதைத்தால் வேலை முடிந்தது. ஒரு சுருள் நாக்கை இந்தப் பக்கம் இழுக்கும், இன்னொன்று அந்தப் பக்கம் இழுக்கும்.

கஷ்டமான பகுதி வேறு. எந்தச் சுருளுக்கு மின்சாரம் போக வேண்டும் என்று ஓடும் வண்டியிலிருந்து எப்படிச் சொல்வது? வானொலி இன்னும் தெருவுக்கு வராத காலம் அது. வண்டிக்கும் வெளி உலகுக்கும் இருந்த மின்தொடர்புகள் இரண்டே இரண்டு: மேலே டிராலிச் சக்கரம், கீழே தண்டவாளம்.

கண்டுபிடிப்பாளர்கள் பிடித்த வழி மிக எளிமையானது. பாயிண்டுக்குச் சற்று முன்னால், மேல்கம்பியின் இருபுறமும் உலோகப் பட்டைகளைப் பொருத்தினார்கள். டிராலிச் சக்கரம் அங்கே வரும்போது பட்டைகளைத் தொடும். அந்த நொடியில் வண்டி எடுக்கும் மின்சாரம் பட்டைகள் வழியாக, ஒரு சுருளைக் கடந்துதான் வர வேண்டும். ஓட்டுநர் கன்ட்ரோலரைத் திறந்து வைத்திருந்தால் மோட்டார் ஏராளமான மின்சாரத்தை இழுக்கும். உடனே சுருள் விழித்துக்கொண்டு பாயிண்டைக் கிளைப்பாதைக்குத் தள்ளும். கன்ட்ரோலரை மூடிவிட்டு வண்டியைச் சும்மா உருளவிட்டால் அவ்வளவு மின்சாரம் பாயாது, மற்றச் சுருள் வேலை செய்து பாயிண்ட் நேர்ப்பாதைக்கு விழும்.

அவ்வளவுதான்! திரும்ப வேண்டுமா, பவர் கொடு. நேரே போக வேண்டுமா, பவரை நிறுத்து. வண்டியில் புதிதாக எதுவும் பொருத்த வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான பழைய வண்டிகள் ஒரு ஆணியைக்கூட மாற்றாமல் அப்படியே இந்தப் பாயிண்டைப் பயன்படுத்தலாம். வண்டியை ஓட்டும் மின்சாரமே ஓட்டுநரின் விருப்பத்தைச் சொல்லும் செய்தியாகவும் ஆகிவிட்டது.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரைச் சேர்ந்த சீதம் கம்பெனி இத்தகைய கருவிகளைச் செய்து விற்றதில் பேர்பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் இந்தப் பவர் உண்டு, பவர் இல்லை முறை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவியது. சந்திப்பில் கம்பியோடு நின்றவர்கள் மெல்ல மெல்லக் காணாமல் போனார்கள். நாள் முழுக்கத் தெருவில் நிற்கும் கொடுமை ஒழிந்தது, அதோடு அவர்களுடைய சம்பளமும் ஒழிந்தது.

ஓட்டுநரின் கைத்திறன்

கேட்பதற்கு எளிது, ஓட்டிப் பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

கிளைப்பாதைக்குத் திரும்ப வேண்டிய வண்டி இறக்கத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பவர் கொடுக்காவிட்டால் பாயிண்ட் விழாது. கொடுத்தாலோ வளைவில் வேகம் கூடிவிடும். எனவே ஓட்டுநர் ஒரு கையால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மறுகையால் பவரைக் கொடுப்பார். வண்டி முனகிக்கொண்டே பட்டையைக் கடக்கும்.

இதற்கு நேர் எதிரான சிக்கல் நேரே போகிறவருக்கு. முன்னால் ஏதோ வண்டி மறித்ததால் டிராம் நின்றுவிடுகிறது. நின்ற இடம் சரியாகப் பட்டைக்கு அடியில்! மீண்டும் கிளம்ப வேண்டுமானால் பவர் கொடுத்தே ஆக வேண்டும், பவர் கொடுத்தால் பாயிண்ட் கிளைப்பாதைக்குப் போய்விடும். வேறு வழியில்லை, கம்பியை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

பட்டையை எங்கே மாட்டுவது என்பதிலும் கணக்கு உண்டு. டிராலிக் கழி பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் அதன் சக்கரம் வண்டியின் பின்பகுதிக்கு மேலேதான் இருக்கும். சக்கரம் பட்டையைத் தொடும்போது வண்டியின் முன் சக்கரம் பாயிண்டுக்குள் போய்விட்டிருக்கக் கூடாது. ஆகவே கிட்டத்தட்ட ஒரு வண்டி நீளத்துக்கு முன்னாலேயே பட்டையை மாட்ட வேண்டும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகும் டிராம் ஒரு நொடியில் 4 மீட்டரைக் கடந்துவிடும். பாயிண்ட் சரியாக விழுந்ததா என்று பார்த்து, இல்லையென்றால் பிரேக் போட, ஓட்டுநருக்குக் கிடைப்பது அந்த ஓரிரு நொடிதான்.

வண்டி இரண்டாகப் போனால்

பாயிண்ட் விழாமலே போனால் பெரிய ஆபத்தில்லை. வண்டி வேறு தெருவுக்குள் போகும், பின்னால் நகர்த்திக் கொண்டுவரலாம். உண்மையான ஆபத்து, வண்டி பாயிண்டின் மேல் இருக்கும்போதே நாக்கு நகர்ந்தால். முன் சக்கரங்கள் நேராகப் போய்விட்டன, பின் சக்கரங்கள் கிளைப்பாதையில் திரும்புகின்றன. வண்டி குறுக்காக விரிந்து தெருவையே அடைத்தபடி நடைபாதைப் பக்கம் சுழலும். பக்கத்தில் நிற்கும் காரோ மனிதரோ தப்புவது கடினம்.

இது எப்படி நடக்கும்? பின்னால் ஒட்டி வரும் டிராம் பட்டையைத் தொட்டு, முன்வண்டி இன்னும் கடக்காத பாயிண்டைத் தள்ளிவிடலாம். அல்லது பெட்டிக்குள் மழைநீரும் சேறும் புகுந்து, நாக்கு பாதியில் நின்று, சக்கரத்தின் அதிர்வில் நகர்ந்துவிடலாம். தெருவுக்கு அடியில் இருக்கும் பெட்டி அல்லவா? அதற்கு வடிகால் வேண்டும், குளிர் நாடுகளில் பனியை உருக்க ஹீட்டர் வேண்டும். வண்டி கடந்து முடியும் வரை பாயிண்டைப் பூட்டி வைக்கும் அமைப்புகள் இந்தப் பயத்தில்தான் வந்தன. கனடாவின் டொராண்டோ நகரில், எதிர்ப்படும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன்னால் ஓட்டுநர் நின்று, நாக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே போக வேண்டும் என்ற விதி பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. மின்சாரம் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தைப் பாதுகாப்பு திரும்ப வாங்கிக்கொண்டது.

செய்தி குழம்பியது

பவரே செய்தி என்பதுதான் இந்தக் கருவியின் பலம். அதுவே பலவீனமாகவும் ஆனது. பாய்கிற மின்சாரம் ஓட்டுநர் விரும்பிக் கொடுத்ததா, வேறு எதற்காவது பாய்கிறதா என்று சுருளுக்குத் தெரியாது.

ஆரம்ப கால வண்டியில் மோட்டாரைத் தவிர விளக்கு மட்டும்தான். 600 வோல்ட் கம்பியில் ஐந்து விளக்குகளைத் தொடராக இணைத்திருப்பார்கள், அது எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. பிறகு ஏர் பிரேக்குக்கான கம்ப்ரஸர் வந்தது. ஹீட்டர் வந்தது. 6,000 வாட் ஹீட்டர் என்றால் 600 வோல்ட்டில் 10 ஆம்பியர். பின்னாளில் ஏ.சி.யும் வந்தது. ஓட்டுநர் பவரை நிறுத்தியிருந்தாலும் வண்டி மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுருள் எந்த அளவுக்கு மேல் விழிக்க வேண்டும் என்ற எல்லையை உயர்த்திப் பார்த்தார்கள். சில வண்டிகளில் பாயிண்டுக்கென்றே ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்தினால் ஒரு மின்தடை வழியாகப் போதுமான மின்சாரம் பாயும்படி செய்தார்கள். புதுப் பொத்தான் தேவையில்லை என்பதற்காகப் பாராட்டப்பட்ட முறைக்குக் கடைசியில் பொத்தான் வந்து சேர்ந்தது!

டிராலிக் கழிக்குப் பதிலாக அகலமான பாண்டோகிராஃப் வந்தபோதும், இணைக்கப்பட்ட நீள வண்டிகள் வந்தபோதும், வண்டி நீளத்தை வைத்துப் போட்ட பட்டைக் கணக்கு தப்பியது.

எனவே செய்தியையும் சக்தியையும் பிரிக்க வேண்டியதாயிற்று. நெதர்லாந்தில் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய வெட்டாக் போன்ற அமைப்புகளில், தெருவுக்குள் ஒரு கம்பி வளையத்தைப் புதைத்து வைப்பார்கள். வண்டியின் அடியில் உள்ள சிறு கருவி தன் வழித்தட எண்ணை அந்த வளையத்துக்குச் சொல்லும். வளையம் பாயிண்டுக்குச் சொல்லும். வண்டி மேலே இருப்பதை உணர்ந்து பாயிண்ட் தன்னைப் பூட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதை ஓட்டுநருக்கு ஒரு சிறு விளக்கு காட்டும். 1856ல் சாக்ஸ்பி ரயிலுக்குச் செய்ததை டிராம் நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் எட்டிப்பிடித்தது.

எல்லா ஊரும் இந்தப் படிகளில் ஏறவில்லை. 1902ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய கல்கத்தாவில், இரும்புக் கம்பியோடு சந்திப்பில் நிற்கும் பாயிண்ட்ஸ்மேனை 21ஆம் நூற்றாண்டிலும் பார்க்க முடிந்தது. ஒரு சிறு பாதையைத் தவிர மற்ற டிராம்களை நிறுத்தப்போவதாக மேற்கு வங்க அரசு 2024ல் அறிவித்தது.

சுமார் 250 கி.மீ. பாதை கொண்ட மெல்போர்ன் டிராமில் இன்று வளையமும் கணினியும் உண்டு. ஆனாலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி இருக்கும். மின்சாரப் பாயிண்ட் வேலை செய்யாதபோது வண்டியை நிறுத்தி, இறங்கி, அந்தக் கம்பியால் நாக்கைத் தள்ள வேண்டியதுதான். குதிரை டிராம் ஓட்டுநர் செய்த அதே வேலை. கருவிகள் பல மாறியிருக்கலாம், ஆனால் பாயிண்ட் சரியாக விழுந்திருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்கும் பொறுப்பு மட்டும் இன்னும் அந்த ஒரு மனிதரை விட்டுப் போகவில்லை.