பறந்து வரும் ‘பீஸ்ட்’ கார்... வெளிநாட்டில் அமெரிக்க அதிபருக்கு பாதுகாப்பு எப்படி? முழு விவரம்!

விமானம் தரையிறங்குகிறது. கதவு திறக்கிறது. படிக்கட்டு அடியில் கறுப்பு கார் ரெடியாக நிற்கிறது. சுற்றிலும் கோட் சூட், கூலிங் கிளாஸ், காதில் சுருள் ஒயர். அமெரிக்க அதிபரின் வெளிநாட்டுப் பயணம் என்றால் டிவியில் நாம பார்ப்பது இந்த சில நிமிடங்கள்தான். ஆனால் அந்தக் காரை அங்கே கொண்டுவந்து நிறுத்த பல வாரங்கள் வேலை நடந்திருக்கும்.

இதைச் செய்வது ‘சீக்ரெட் சர்வீஸ்’. பெயரில்தான் ரகசியம், இவர்களில் பலர் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படியே நிற்பார்கள். தாக்க நினைப்பவரை யோசிக்க வைப்பதும் ஒரு பாதுகாப்புதானே!

முதலில் போவது ‘அட்வான்ஸ் டீம்’. அதிபர் கால் வைக்கும் ஒவ்வொரு இடத்தையும் இவர்கள் முன்கூட்டியே நடந்து பார்த்துவிடுவார்கள். எந்த வாசல், எந்த லிஃப்ட், எந்த மொட்டை மாடியில் ஸ்னைப்பர் என்பதெல்லாம் முடிவாகும். ஏதாவது நடந்தால் எந்த மருத்துவமனை, அங்கே போக எத்தனை நிமிடம், அந்த ரூட் பிளாக் ஆனால் மாற்று வழி எது என்பதும் கணக்கில் இருக்கும்.

கார் எப்படி வருகிறது?

‘தி பீஸ்ட்’ எனப்படும் குண்டு துளைக்காத கார், சி-17 ராணுவ சரக்கு விமானத்தில் முன்கூட்டியே வந்துவிடும். ஒரே மாதிரி இரண்டு கார்கள் ஓடும். அதிபர் எதில் இருக்கிறார் என்று வெளியே தெரியக்கூடாது. நம்ம ஊர் குடியரசு தின விழாவுக்கு சிறப்பு விருந்தினர், குடியரசுத் தலைவருடன் ஒரே காரில் வருவது 2023 வரை வழக்கமாக இருந்தது. 2015-ல் ஒபாமா தன் பீஸ்டில்தான் வந்தார்.

இவ்வளவு பிளான் போட்டும் சொதப்புவது உண்டு. 2011-ல் டப்ளினில் அமெரிக்க தூதரக வாசலில் இருந்த சிறு மேட்டில் பீஸ்ட் சிக்கி நின்றது. அது ஸ்பேர் கார், ஒபாமா அதில் இல்லை என்று விளக்கம் கொடுத்தார்கள்.

அங்கே யார் பாஸ்?

சிக்கலே இங்கேதான். வெளிநாட்டில் சீக்ரெட் சர்வீஸுக்கு போலீஸ் அதிகாரம் கிடையாது. பாதுகாப்புக்குப் பொறுப்பு, அழைத்த நாடுதான். சாலையை மூடுவது, கூட்டத்தைச் சோதிப்பது எல்லாம் உள்ளூர் போலீஸ் வேலை. எத்தனை துப்பாக்கி கொண்டுவரலாம் என்பதைக்கூட பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

2004 நவம்பர், சிலி தலைநகர் சாண்டியாகோ. விருந்து அரங்கில் நுழைந்தார் ஜார்ஜ் புஷ். பின்னால் வந்த அவரது பாதுகாவலரை சிலி அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். தள்ளுமுள்ளு. திரும்பி வந்த புஷ், கூட்டத்துக்குள் கையை விட்டு தன் பாதுகாவலரை அவரே உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் விருந்துக்கு வரும் எல்லோரையும் மெட்டல் டிடெக்டரில் சோதிக்கணும் என்றது அமெரிக்கத் தரப்பு. சிலி மறுத்தது. பெரிய விருந்தே ரத்தாகி, சின்ன அளவில் முடிந்தது.

கேட்க அது காமெடி மாதிரி இருக்கலாம். ஆனால் ஆறு மாதத்தில், 2005 மே 10-ம் தேதி, ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் புஷ் பேசிய கூட்டத்தில் ஒருவர் கையெறி குண்டை வீசினார். கூட்டம் அலைமோதியதில் மெட்டல் டிடெக்டர் சோதனையையே கைவிட்டிருந்தார்கள். மேடையிலிருந்து சுமார் 18 மீட்டரில் விழுந்த குண்டு வெடிக்கவில்லை. காரணம், அதன் மேல் இறுக்கமாகச் சுற்றியிருந்த துணி. வீசியவரை ஜூலையில் பிடிக்கப் போனபோது, துப்பாக்கிச் சண்டையில் ஒரு ஜார்ஜிய அதிகாரி உயிரிழந்தார்.

நமக்கு நெருக்கமான சம்பவமும் ஒன்று உண்டு. 1987 ஜூலை 30, கொழும்பு. இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள், கிளம்பும் முன் அணிவகுப்பு மரியாதையை ஏற்றபடி நடந்தார் பிரதமர் ராஜீவ் காந்தி. பிரதமர் பாதுகாப்புக்கென எஸ்பிஜி உருவாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வரிசையில் நின்ற இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர், திடீரென துப்பாக்கிக் கட்டையால் அவர் தலையை நோக்கி ஓங்கினார். அந்த வரிசையில் யார் நிற்பது என்பது அழைத்த நாட்டின் முடிவு. கண்ணோரத்தில் அசைவைக் கவனித்த ராஜீவ் சட்டென குனிந்தார். அடி தோள்பட்டையில் விழுந்தது.