கப்பலில் கேடயம், கையில் கணக்குப் புத்தகம்

நம் கல்லூரிப் பழைய மாணவர்களில் பொறியாளர்களும் உண்டு, கணக்குத் தணிக்கை செய்பவர்களும் உண்டு. இந்த வரலாறு இரு சாராருக்கும் பொதுவானது.

1972-ல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளைத் தடுக்கும் ஆயுதங்களைக் கடலில் அமைக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. ஏன்னு கேட்டா, கேடயம் கிடைத்தவன் துணிந்து வாளை ஓங்கிவிடுவான் என்ற பயம்தான். குறுகிய தூர ஏவுகணைகளைத் தடுக்க மட்டும் இடமிருந்தது.

1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் பறந்த பிறகு, ஈஜிஸ் ராடார் பொருத்திய தன் போர்க்கப்பல்களை இந்த வேலைக்குத் தயார் செய்வதில் அமெரிக்கக் கடற்படை மும்முரமானது. முதல் அடி எதிரியிடமிருந்து வரவில்லை; சட்டத்திடமிருந்து வந்தது! ஓர் ஆயுதத்தின் விலை 25 சதவீதத்துக்கு மேல் ஏறினால், அது அவசியம்தான் என்று பாதுகாப்புத் துறை காங்கிரசுக்கு உறுதி தர வேண்டும் என்பது 1982-ல் பிறந்த நன்-மெக்கர்டி விதி. அந்த உறுதியைத் தர முடியாமல் 2001 டிசம்பரில் ஒரு திட்டமே கைவிடப்பட்டது.

அடுத்த மாதமே வேறொரு திட்டம் ஜெயித்தது. 'லேக் எரி' கப்பலிலிருந்து கிளம்பிய எஸ்.எம்.-3 ஏவுகணை, வெடிமருந்து இல்லாமல் நேருக்கு நேர் மோதியே இலக்கை விண்வெளியில் நொறுக்கியது. 2002 ஜூனில் அமெரிக்கா ஒப்பந்தத்திலிருந்து விலகியது. ஏவுகணைத் தடுப்பு முகமைக்கு வழக்கமான கொள்முதல் விதிகளிலிருந்து விலக்கும் கிடைத்தது.

காங்கிரஸ் சும்மா இருக்கவில்லை. தன் தணிக்கை அலுவலகத்தை ஆண்டுதோறும் அறிக்கை தரச் சொன்னது. "சோதித்து முடிக்கும் முன்பே வாங்காதீர்கள்" என்பதே அந்த அறிக்கைகளின் சாரம். 2011 செப்டம்பரில் எஸ்.எம்.-3-இன் புதிய ரகம் முதல் சோதனையிலேயே தோற்றபோது அதன் நியாயம் புரிந்தது.

நெடுந்தூர ஏவுகணையையும் கப்பலிலிருந்து தடுக்க முடியுமா? 2020 முடிவதற்குள் சோதித்துக் காட்டுங்கள் என்று காங்கிரஸ் சட்டம் போட்டது. அந்த நவம்பரில் 'ஜான் ஃபின்' கப்பல் செய்து காட்டியது. 2024 ஏப்ரலில் ஈரான் இஸ்ரேல் மீது ஏவுகணைகளை வீசியபோது எஸ்.எம்.-3 முதன்முறையாக நிஜப் போரில் ஏவப்பட்டது.

2023 ஏப்ரலில் ஒடிசா கரைக்கு அப்பால், வங்கக் கடலில், நம் இந்தியாவும் கப்பலிலிருந்து இத்தகைய ஏவுகணையைச் சோதித்தது. நாளை அந்த ஆய்வுக்கூடத்தில் நம்ம பசங்க இருக்கலாம்; அதன் செலவைத் தணிக்கை செய்யும் அலுவலகத்திலும் இருக்கலாம். இரண்டாவது வேலையை யாரும் சின்ன வேலைன்னு நினைச்சுடாதீங்க.