எண்ணும் கருவியும் பிரிக்கும் கையும்

முறத்தைக் கொண்டு தானியத்தைத் தூய்மை செய்யும் தொழிலுக்குத் தமிழில் ஒரு சொல் அன்று, பல சொற்கள் உள. புடைத்தல், கொழித்தல், நேம்புதல், தெள்ளுதல் என்பன ஒவ்வொன்றும் கையின் வெவ்வேறு அசைவைக் குறிப்பன. நல்லதையும் அல்லதையும் பிரித்தறிவது மனிதனின் கண்ணுக்கும் கைக்குமே உரிய வேலை என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அவ்வேலையை உயிரற்ற கருவி எவ்வாறு ஏற்றது என்னும் வரலாறு, பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்களின் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கின்றது.

கிள்ளான் பட்டினத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே உள்ளது பண்டமாரான். அவசரகாலத்தில் புதுக்கிராமமாக அமைந்து, பின்னர்த் தொழிற்பேட்டையும் கண்ட ஊர் அது. அதன் அருகேயுள்ள துறைமுகம் 1901-ஆம் ஆண்டு போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. 1972-இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது. சிலாங்கூர்த் தோட்டங்களின் ரப்பர் இத்துறைமுகத்தின் வழியே கடல் கடந்தது.

கப்பலேறுமுன் அந்த ரப்பர் ஒரு தேர்வுக்கு உட்பட்டது. புகைக்கூடத்திலிருந்து வந்த ரப்பர்த் தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். குமிழி உண்டா, பூஞ்சணம் படர்ந்துள்ளதா, நிறம் ஒரே சீராக உள்ளதா என்று கண் சொல்லும். குற்றமுள்ள பகுதியைக் கத்தரியால் வெட்டி நீக்கியபின், தாள் தனக்குரிய தரத்தில் சேரும். முதல் தரம் முதல் ஐந்தாம் தரம் வரை அடுக்குகள் இருந்தன. இவ்வேலையில் அமர்ந்த பெண்கள் பலர். ஏட்டுக் கல்வி இல்லாதவரும் இக்கலையில் தேர்ந்திருந்தனர்.

இக்கண்ணின் வேலையில் கைவைத்த கருவி தோட்டத்தில் பிறக்கவில்லை. தந்தித் துறையில் பிறந்தது. நெடுந்தொலைவு சென்ற மின்னோட்டம் வலுவிழந்து போவது தந்திக்குப் பெருந்தடையாக இருந்தது. அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி 1835-ஆம் ஆண்டளவில் இதற்கு வழி கண்டார். மெலிந்த மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை இயக்கும். காந்தம் ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். அத்துண்டு வேறொரு வலிய மின்சுற்றை மூடும். இதுவே ரிலே. சிறிய விசை பெரிய விசைக்கு ஆணையிடலாம் என்பது இதன் அடிப்படை.

ரிலேக்கு உறவான மின்காந்தத்தை எண்ணும் வேலைக்குப் பயன்படுத்தியவர் ஹெர்மன் ஹாலரித். அமெரிக்காவில் 1880-ஆம் ஆண்டின் குடிமதிப்புக் கணக்கை முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன. 1890-இல் அவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வைத்து, அதில் துளைகள் இடச் செய்தார். துளை வழியே ஊசி இறங்கிப் பாதரசத்தைத் தொட்டால் மின்சுற்று மூடும். முகப்பிலுள்ள முள் ஓரெண் நகரும். அதே நேரத்தில் அருகேயுள்ள பெட்டியில் உரிய அறையின் மூடி தானே திறக்கும். பணியாளர் அட்டையை அதில் இடுவார். எண்ணுதலும் பிரித்தலும் ஒரே மின்துடிப்பில் நிகழ்ந்தன.

1891-இல் ஆல்மன் ஸ்ட்ரோஜர் தொலைபேசித் தானியங்கி இணைப்புக்கு உரிமம் பெற்றார். அவர் முறையில் மின்துடிப்புகளின் எண்ணிக்கையே இணைப்பு செல்லவேண்டிய இடத்தைத் தீர்மானித்தது. 1937-இல் கிளாட் ஷானன் என்னும் மாணவர், ரிலேச் சுற்றுகள் தருக்கத்தின் வடிவங்களே என்று தம் ஆய்வேட்டில் நிறுவினார். தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இது எளிதில் விளங்கும். இரு ரிலேத் தொடுமுனைகளைத் தொடராக இணைத்தால் எண்ணும்மை: இதுவும் அதுவும் நிகழ்ந்தாலே மின்சாரம் பாயும். இணையாக இணைத்தால் ‘அல்லது’: இரண்டில் ஒன்று போதும். இயங்கும்போது திறந்துகொள்ளும் முனையோ எதிர்மறை.

பொதி கட்டும் வரிசையில் இவை எவ்வாறு ஒன்றுகூடுகின்றன என்று காண்போம். ஓடும் பட்டையின் ஒருபுறம் விளக்கு. மறுபுறம் ஒளியுணரும் கண். பொதி ஒன்று கடக்கும்போதெல்லாம் ஒளி மறைபட, எண்ணி ஓரெண் கூடும். ரப்பர்ப் பொதி ஒன்று 33.33 கிலோ, முப்பது சேர்ந்தால் ஒரு டன். தட்டுக்கு ஆறு வீதம் ஆறு தட்டு அடுக்கினால் 36 பொதி, 1.2 டன். எண்ணி ஆறைத் தொட்டவுடன் ரிலே மூடும், தட்டு நகரும், எண்ணி மீண்டும் சுழியத்துக்குத் திரும்பும்.

குற்றமுள்ள பொதியை விலக்குவது இதனினும் நுட்பமானது. எடை குறைந்ததென்று தராசு காட்டும் இடம் ஒன்று. தள்ளும் கை இருக்கும் இடம் மற்றொன்று. இடையே பொதி சில அடி செல்லவேண்டும். அதுவரை செய்தியை நினைவில் வைப்பது யார்? ரிலேயே. ஒருமுறை மூடியபின் தன் தொடுமுனை வழியாகவே மின்சாரம் பெற்றுத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளுமாறு அதனை அமைக்கலாம். பட்டை நகரும் படிகளை எண்ணி எண்ணும். குறித்த எண் வந்ததும் கை நீண்டு அப்பொதியை மட்டும் தள்ளும். ரிலே தன் பிடியை விடும்.

ஆயினும் இக்கருவிக்கு ஒரு குறை உண்டு. எண்ணாகவோ, ‘ஆம், இல்லை’ என்னும் விடையாகவோ ஆகாத ஒன்றை அதனால் பிரிக்க இயலாது. புகைத்த தாளின் தரமோ கண்ணின் தீர்ப்பு. ஒருவர் கண்ணுக்கு முதல் தரமானது இன்னொருவர் கண்ணுக்கு இரண்டாவதாகலாம். ஆகவே கருவி நுழையுமுன் தரமே எண்ணாக வேண்டியிருந்தது. 1965-இல் மலேசியா வகுத்த தர ரப்பர்த் திட்டம் அதனைச் செய்தது. அழுக்கு, சாம்பல், நைட்ரஜன் முதலியவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்து தரம் கூறினர். எஸ்.எம்.ஆர். 5 என்பதிலுள்ள ஐந்து, அழுக்கு 0.05 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பதன் குறிப்பு. தாள் கட்டியாயிற்று, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க அங்கு ஒன்றுமில்லை.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. வாங்குபவரின் கண்ணை நம்பி விலைபேசிய நிலை மாறி, விற்பவரும் சுட்டிக்காட்டத்தக்க அளவு ஒன்று கிடைத்தது. ஆனால் இழப்பும் உண்டு. பல்லாண்டு பழகிக் கண்ணில் சேர்ந்த அறிவுக்குக் கூலி தருவார் குறைந்தனர். அவ்வறிவு ஏட்டில் எழுதப்படாதது. ஆகையால் அது மறைந்ததும் பலருக்குத் தெரியவில்லை.

ரிலேயும் தன் முறைக்கு விலகி நின்றது. 1969-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு மார்லி குழுவினர் ஆக்கிய மோடிகான் 084 என்னும் மின்னணுக் கருவி, சுவர் நிறைய இருந்த ரிலேக்களின் வேலையை ஒரு பெட்டிக்குள் அடக்கியது. ஆயினும் அதற்கு ஆணை எழுதும் முறை பழைய ரிலேச் சுற்றின் ஏணிப் படத்தையே பின்பற்றியது. இன்றும் தொழிற்சாலைகளில் அப்படம் வழங்குகின்றது.

எத்தனை பொதி கடந்தது என்பதைக் கருவி சொல்லும். எந்த அளவுக்கு மேல் தள்ளவேண்டும், எதனைக் குற்றமெனக் கொள்ளவேண்டும் என்பதை மனிதனே விதிக்கவேண்டும். தோட்டத்துத் தாய்மார் ஒருகாலத்தில் அவ்விதியைத் தம் கண்ணில் வைத்திருந்தனர். இன்று அது ஆய்வுக்கூடத்திலும் ஏணிப் படத்திலும் இருக்கின்றது. அதனைப் படிக்கப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. கூட்டலும் மின்சுற்றின் தொடக்கப் பாடமும் ‘உம்’, ‘அல்லது’ என்னும் இடைச்சொற்களின் பொருளும் தெரிந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை தொடங்கிவிடலாம். தாய்மாரின் கையிலிருந்து நீங்கிய தீர்ப்பு அவர்தம் மக்களின் கைக்கு மீள்வதற்கு வழி அந்தப் பாடமே.